டயரில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம்: யார் மீது வழக்குப் போடுவது?

மடிப்பாக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

2021 தொடக்கத்தில் வாங்கிய ஹேட்ச்பேக் கார். தரமணியில் இருக்கும் அலுவலகத்துக்கு அதில்தான் போய்வருகிறார். 45,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு, 2025 ஜூனில் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் நான்கு டயர்களையும் மாற்றினார். "பில் வேண்டாம்னா 1,500 ரூபா குறைச்சுக்கலாம் மேடம்" என்று கடைக்காரர் சொல்ல, 'எஸ்டிமேட்' என்று எழுதிய துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு 24,800 ரூபாயை ஜிபேயில் அனுப்பியிருக்கிறார். நவம்பரில் ஒரு மழை இரவு, மேடவாக்கம் மெயின் ரோட்டில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் முன் இடது சக்கரம் இறங்கி 'தொம்' என்று அடித்தது. இறங்கிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை, டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்திருப்பதை அபார்ட்மென்ட் வாட்ச்மேன்தான் காட்டியிருக்கிறார்.

டயர் கடையில், "இது இம்பாக்ட், கம்பெனி ஒத்துக்காது" என்று கைவிரித்துவிட்டார்கள். தெருமுனை மெக்கானிக், "பின் சக்கரத்துக்கு மாத்திப் போட்டுட்டா இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்கிறார். பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்திருந்தும், டயருக்கு எதுவும் கிடைக்காது என்கிறார் இன்சூரன்ஸ் ஏஜென்ட். டயரில் 1624 என்று இருப்பதைக் கவனித்த வாசகி, 14 மாதப் பழைய சரக்கைத் தன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறார். இன்னொரு டயரின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போல் உள்வாங்கியிருக்கிறதாம். அதுவும் பழுதா என்று கேட்கிறார். கடை, டயர் கம்பெனி, மாநகராட்சி மூன்றின் மீதும் வழக்குப் போட்டு 5 லட்சம் ரூபாய் கேட்க விருப்பம். கடைசி வரியில், அடுத்த வாரம் குடும்பத்தோடு கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குக் காரில் போகப்போவதாகவும் எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த டயரோடு கும்பகோணம் போகாதீர்கள். தரமணிக்கும் போகாதீர்கள். வழக்கு, இழப்பீடு எல்லாம் அடுத்த மாதமும் பேசலாம். டயரை இன்றே கழற்றுங்கள்.

நான் வழக்கறிஞர், மெக்கானிக் இல்லை. ஆனால் பல வருடமாக மோட்டார் விபத்து வழக்குகளும் நுகர்வோர் வழக்குகளும் பார்த்து வருவதால், டயரைப் படிக்க ஓரளவு கற்றுக்கொண்டேன். டயரின் பக்கச்சுவர் வெறும் ரப்பர் இல்லை. உள்ளே பாலியெஸ்டர் நூல்கள் நெருக்கமாக ஓடுகின்றன. காற்றின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த நூல்கள்தான், ரப்பர் அவற்றுக்குப் போர்வை. சக்கரம் பள்ளத்தில் விழும்போது, பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் பக்கச்சுவர் கிள்ளுப்பட்டு நசுங்குகிறது. சில நூல்கள் அறுகின்றன. வெளியே கீறல்கூட இருக்காது. அறுந்த இடத்தில் காற்றைத் தடுக்க நூல் இல்லாததால், ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது. அதனால்தான் அன்றிரவு உங்கள் கண்ணில் படாமல் மூன்றாம் நாள் தெரிந்தது. இன்று எலுமிச்சை அளவில் இருப்பது, ஜிஎஸ்டி சாலையில் நான்கு பேரும் கல்யாணப் பெட்டிகளுமாக 90-இல் போகும்போது என்ன அளவில் இருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வீக்கத்துக்கு ஒட்டு, பேட்ச், வல்கனைசிங் எதுவும் கிடையாது. அந்த டயரின் ஆயுள் முடிந்தது.

பின் சக்கரத்துக்கு மாற்றச் சொன்ன மெக்கானிக்கின் யோசனை நல்லெண்ணத்தில் வந்ததாக இருக்கலாம், ஆனால் தலைகீழான யோசனை. முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கனத்து ஒரு பக்கம் இழுக்கும், பிடித்து நிறுத்த ஓரளவு வாய்ப்பு உண்டு. பின் டயர் வெடித்தால் வண்டியின் பின்பக்கம் வீசிக்கொண்டு போகும். அதை ஸ்டியரிங்கால் சமாளிப்பது பழகிய டிரைவருக்கே சிரமம்.

இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 94-ஆவது விதி, எந்த டயர் ஓடத் தகுதியானது என்று சொல்கிறது. காரின் டயரில் பட்டன் (தரையில் படும் பகுதியின் வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். அதே விதியில், ஓரிடத்தில் உருக்குலைந்தோ வீங்கியோ பழுதாகும் அறிகுறி காட்டும் டயரும் தகுதியற்றது என்றே இருக்கிறது. குறை இருப்பது தெரிந்தே வண்டியை ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆவது பிரிவின்படி குற்றம். உங்களுக்கு வீக்கம் தெரிந்திருக்கிறது என்பதற்கு இந்தக் கடிதமே சாட்சி. டயர் வெடித்ததைக் 'கடவுளின் செயல்' என்று சொல்லி இழப்பீட்டிலிருந்து நழுவப் பார்த்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாதத்தை 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை; அதை மனிதக் கவனக்குறைவாகத்தான் பார்த்தது.

கோடு விழுந்த டயர்

இதில் உங்களுக்கு நல்ல செய்தி. வெளியே புடைத்தால் ஆபத்து. உள்ளே லேசாக வாங்கியிருந்தால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ரேடியல் டயர் செய்யும்போது நூல் விரிப்பின் இரண்டு முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டுவார்கள். அந்த இடத்தில் நூல் இரட்டிப்பாக இருப்பதால் மற்ற இடத்தைவிடக் குறைவாக விரியும். காற்று அடித்ததும் அங்கே மட்டும் மேலிருந்து கீழாக ஒரு பள்ளக்கோடு தெரியும். பார்க்க அசிங்கமே தவிர, பலத்தில் குறைவில்லை. வெளிச்சத்தில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பாருங்கள். கை உள்ளே இறங்கினால் விட்டுவிடுங்கள். மேடேறினால் அந்த டயரையும் கழற்ற வேண்டியதுதான். முன் இடது டயர் பட்ட அடியில் அதன் உள்பக்கச் சுவரும் அடிபட்டிருக்கலாம். சக்கரத்தைக் கழற்றும்போது ரிம்மின் உள்விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். நெளிவு வழக்கமாக அங்கேதான் ஒளிந்திருக்கும்.

1624 என்பது எக்ஸ்பைரி தேதி இல்லை

டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசியில், நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு எண்களைச் சரியாகவே படித்திருக்கிறீர்கள். 2024-இன் 16-ஆவது வாரம், அதாவது ஏப்ரலில் தயாரான டயர். ஜூன் 2025-இல் உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். 14 மாதம்.

இதை மோசடி என்று நீங்கள் நினைப்பதில்தான் நான் மாறுபடுகிறேன். இத்தனை மாதத்துக்குள் விற்றாக வேண்டும் என்று டயருக்குச் சட்டத்தில் கெடு எதுவும் கிடையாது. வெயிலும் எண்ணெயும் படாமல் கிடங்கில் இருந்த ஒரு வருட டயர், ஓடாத வரைக்கும் புது டயர்தான். ஐந்து வருடம் தாண்டியதிலிருந்து வருடா வருடம் பரிசோதிக்க வேண்டும், எவ்வளவு பட்டன் மிச்சமிருந்தாலும் தயாரித்துப் பத்து வருடத்துக்கு மேல் போடக்கூடாது என்பது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. "போன மாசம் வந்த சரக்கு" என்று கடைக்காரர் எழுதிக் கொடுத்திருந்தால் அது பொய்யான வாக்குறுதி, நுகர்வோர் சட்டத்தில் இடிக்கும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

தேதி ஒரு பக்கம் இருக்கட்டும். பேரம் பேசும் உரிமை வாங்கும் அன்றுதான் உங்கள் கையில் இருந்தது. திருவொற்றியூரிலும் ஒரகடத்திலும் தேர்வாய் கண்டிகையிலும் டயர் ஆலைகளை வைத்துக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது. ஆறு மாதத்துக்குள் தயாரான டயர் வேண்டும் என்று கேட்டால் நாளை மறுநாள் வரவழைத்துத் தருவார்கள். கேட்காதவருக்கு அலமாரியில் இருப்பதைக் கொடுப்பார்கள்.

கடையும் கம்பெனியும்

கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். டயர் நிறுவனங்களின் வாரன்டி பொதுவாகத் தயாரிப்புக் குறைக்குத்தான். பள்ளத்தில், கல்லில் அடிபட்டதற்கு இல்லை. அவர் செய்த தப்பு வேறு: தீர்ப்பைத் தானே சொல்லிவிட்டார். அதைச் சொல்ல வேண்டியவர் நிறுவனத்தின் ஆய்வாளர்.

எது அடி, எது தயாரிப்புக் குறை என்பதை டயரை ரிம்மிலிருந்து பிரித்து உள்ளே பார்த்தால் பெரும்பாலும் சொல்லிவிடலாம். அடி என்றால் உள்பூச்சில் வீக்கத்துக்கு நேரே மடிப்புத் தழும்போ கீறலோ இருக்கும். ரிம்மில் அதே இடத்தில் நசுங்கல் இருக்கும். ரிம் வழவழவென்று இருந்து, தழும்பும் இல்லாமல், ஒட்டு விட்டுப் பிரிந்திருந்தால் தயாரிப்புக் குறையைச் சந்தேகிக்கலாம். உங்கள் ரிம் லேசாக நெளிந்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 'தொம்' சத்தமும் இருக்கிறது. வழக்கில் நான் எதிர்த்தரப்பாக இருந்தால் இந்த இரண்டு வரியைத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன்.

இருந்தாலும் ஒரு முறை முயன்று பார்க்கலாம். கடைக்கு எழுத்தில் கொடுங்கள்: டயரின் முழு வரிசை எண், வாங்கிய நாள், ஓடிய கிலோமீட்டர், வீக்கம் தெரிந்த நாள், 'நிறுவனத்தின் ஆய்வுக்கு அனுப்பி, அறிக்கையின் நகலைத் தரவும்'. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும், நீலக் குறி விழுந்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். கடை மறுத்தால் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு நேரடியாக எழுதுங்கள். தயாரிப்புக் குறை என்று ஏற்றால் பெரும்பாலும் முழு விலை கிடைக்காது, தேய்ந்த அளவைக் கழித்துக்கொண்டு ஈடு செய்வார்கள். ஐந்து மாதத்தில் தேய்மானம் குறைவு என்பது உங்களுக்குச் சாதகம்.

டயரைக் கையை விட்டு விடாதீர்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். என்னிடம் வந்த ஒருவர், "இங்கயே இருக்கட்டும் சார், கம்பெனி ஆள் வருவாரு" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி டயரை விட்டுவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டபோது அது காயலான் கடைக்குப் போயிருந்தது. வழக்கின் ஒரே சாட்சி எடைக்குப் போய்விட்டது! ஆய்வுக்குக் கொடுப்பதாக இருந்தால் வரிசை எண் எழுதிய ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள். அதுவரை வீட்டில், மாடிப்படிக்குக் கீழே கிடக்கட்டும். கழற்றும்போதே வீக்கம், வரிசை எண், உள்பூச்சு, ரிம் நெளிவு நான்கையும் நிதானமாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 1,500 ரூபாய். பில் இல்லாமல் வாங்கியது உங்கள் தப்பு மட்டும் இல்லை. விற்ற பொருளுக்கு பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பில் இல்லை என்பதால் உங்கள் உரிமை செத்துப்போய்விடவில்லை. ஜிபே பதிவும் எஸ்டிமேட் சீட்டும் வாங்கியதற்கு ஆதாரம்தான். ஆனால் நான்கு டயருக்கு ஒரே தொகையாக அனுப்பியிருக்கிறீர்கள். எந்தக் கம்பெனி, எந்த எண் என்று அதில் எதுவும் இல்லை. 'இது எங்க கடை டயரே இல்லை' என்று ஒரு வரியில் மறுக்க அது இடம் கொடுக்கும். வாரன்டி கேட்கும்போது நிறுவனமும் முதலில் பில்லைத்தான் கேட்கும். கடைக்காரர் 1,500 ரூபாய்க்கு உங்களிடமிருந்து வாங்கியது அதைத்தான்.

ஆய்வு அறிக்கை தயாரிப்புக் குறை என்று சொல்லியும் மாற்றித் தராவிட்டாலோ, ஆய்வுக்கே அனுப்ப மறுத்தாலோ, முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். காசு செலவில்லை, பல நேரம் நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் வரையிலான வாங்குதல்களுக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம் (எங்கள் சங்கத்தில் இதைச் சொன்னதற்காக என்னைத் திட்டுவார்கள்). காலக்கெடு இரண்டு வருடம்.

குறையை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல்தான். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அதற்கான செலவைப் புகார்தாரர் முன்கூட்டிக் கட்டச் சொல்லலாம். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் இழுக்கும். ஒரு டயர் 6,200 ரூபாய். நான்கு முறை லீவு போட்டால் உங்கள் சம்பளத்தில் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். 6,200 ரூபாய் டயருக்கு 5 லட்சம் மன உளைச்சல் கேட்டால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய 6,200-ஐயும் சந்தேகத்தோடு பார்க்க வைத்துவிடுவீர்கள். டயர் விலை, அலைன்மென்ட் செலவு, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை: இந்த அளவில் நில்லுங்கள்.

பம்பர் டு பம்பர் எதை மூடும்?

ஏஜென்ட் பாதி சரி. வழக்கமான கார் பேக்கேஜ் பாலிசியில் டயர், டியூப் மட்டும் தனியாகச் சேதமானால் எதுவும் கிடையாது. அதே சம்பவத்தில் வண்டியும் சேதமாகியிருந்தால், மாற்றும் செலவில் 50 சதவீதம் வரை உண்டு. பம்பர் டு பம்பர் என்று நாம் சொல்லும் பூஜ்யத் தேய்மானத் திட்டம் பெரும்பாலான பாலிசிகளில் டயரைத் தொடாது. டயருக்கென்றே தனி ஆட்-ஆன் விற்கிறார்கள். உங்கள் பாலிசியின் இரண்டாம் பக்கத்தில் அது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரிம் நெளிந்ததை வண்டிச் சேதமாகக் காட்டலாமே என்று கேட்பீர்கள். சேதத்தை மதிப்பிட வரும் இன்சூரன்ஸ் சர்வேயர் ஒத்துக்கொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். டயருக்குப் பாதி 3,100, ரிம் சரிசெய்ய நீங்கள் எழுதிய 1,500, அதில் 1500 சிசிக்கு உட்பட்ட காருக்கான கட்டாயப் பிடித்தம் 1,000 போக, கைக்கு வருவது 3,600. ஐந்து வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டிவிட்டீர்கள்; கிளைம் போடாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் வரும் ஜனவரியில் 50 சதவீதத்தைத் தொடும். இந்தக் கிளைமோடு அது பூஜ்யமாகும். சொந்தச் சேத பிரீமியம் 6,000 என்று வைத்தால் முதல் வருடமே 3,000 கூடுதல், அடுத்த வருடம் 50-க்குப் பதில் 20 என்பதால் இன்னொரு 1,800. கிளைம் போட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். விட்டுவிடுங்கள்.

பள்ளத்துக்கு யார் பொறுப்பு

உங்கள் கோபத்தில் மிச்சமெல்லாம் இங்கேதான் இருக்கிறது, எனக்கும் உண்டு. ஆனால் மாநகராட்சி மீது வழக்கு என்பதற்கு முன், அந்தச் சாலை யாருடையது? சென்னையில் சில சாலைகள் மாநகராட்சிக்கு, சில மாநில நெடுஞ்சாலைத் துறைக்கு, சில தேசிய நெடுஞ்சாலைக்கு. நடுவில் ஏதாவது திட்டப்பணி நடந்தால் பராமரிப்பு தற்காலிகமாக அவர்கள் கைக்குப் போயிருக்கலாம். பத்து ரூபாய் கட்டணத்தில் ஓர் ஆர்டிஐ மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 198-ஏ பிரிவைச் சொல்லி, "இதன்படி காசு வாங்க முடியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். சாலைப் பராமரிப்புத் தரத்தை மீறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால்தான் அந்தப் பிரிவு. டயருக்கு இல்லை. சாலை வரி கட்டுகிறோமே, நாம் நுகர்வோர் இல்லையா என்றால், வரி என்பது குறிப்பிட்ட சேவைக்குக் கொடுத்த விலை ஆகாது என்பதால் நுகர்வோர் ஆணையத்தில் அந்த வாதம் எடுபடுவது கடினம். சுங்கம் கட்டிப் போகும் சாலை என்றால் கதை வேறு, அங்கே வாதிட இடமிருக்கிறது. சிவில் நீதிமன்றத்தில் கவனக்குறைவுக்கு வழக்குப் போடலாம்தான். 6,200 ரூபாய்க்கு அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் ஒரு புகார் கொடுத்து, புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். நாளை அதே பள்ளத்தில் பைக்கில் போகிற ஒருவர் விழுந்தால், 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் சொல்ல முடியாதபடி உங்கள் புகார் எண் நிற்கும்.

அந்த 26

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: 'மாமனார் சொன்னதால் டயரில் காற்று எப்போதும் 26தான் வைப்பேன், மெத்தென்று இருக்கும்'. கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் 33 என்று இருப்பதையும் நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

மாமனார் அந்தக் காலத்து அம்பாசிடரை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார், அவரைக் குறை சொல்லவில்லை. காற்றழுத்தத்தில் ஏழு பிஎஸ்ஐ குறைவு என்பது பெரிய குறைவு. காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது, சூடேறுகிறது. பள்ளத்தில் விழும்போது ரிம் வரை நசுங்குவதைத் தடுக்க உள்ளே போதிய காற்று இல்லை. 33 இருந்திருந்தால் அன்று தப்பியிருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். 26 அந்த டயருக்கு உதவவில்லை என்று மட்டும் சொல்வேன். குறைந்த காற்றில் நெடுநாள் ஓடிய டயர் இரண்டு ஓரங்களிலும் தேய்ந்து நடு மட்டும் மேடாக நிற்கும். ஆய்வாளர் அதைப் பார்ப்பார். காற்று எவ்வளவு வைத்தீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள், அவர் கண்ணுக்கு முன்னால் டயர் ஏற்கெனவே சொல்லியிருக்கும். தயாரிப்புக் குறை என்று வாதிட எனக்குத் தயக்கம் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும்.

இனிமேல் 33. சும்மா நின்றாலும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும் என்பதால், பதினைந்து நாளுக்கு ஒரு முறை காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். தரமணி வரை ஓட்டிவிட்டு அளந்தால் மூன்று நான்கு கூடக் காட்டும், அதை நம்பிக் காற்றை இறக்கிவிடாதீர்கள். பங்க்கில் காற்று இலவசம், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. பையனுக்குப் பத்து ரூபாய் கொடுப்பது உங்கள் இஷ்டம். மீட்டர் பங்க்குக்குப் பங்க் மாறும் என்பதால் சின்னதாக ஒரு கேஜ் வாங்கி டேஷ்போர்டில் போட்டுக்கொள்ளுங்கள். நைட்ரஜன் கட்டாயம் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

பஞ்சரானால் பட்டன் பகுதியில் மட்டும் ஒட்டலாம். பட்டனும் பக்கச்சுவரும் சேரும் தோள் ஓரத்திலோ பக்கச்சுவரிலோ ஆணி ஏறினால், "போட்டுத் தர்றேன்" என்று சொல்பவரிடம் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். மழைத் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஆழம் தெரியாது என்பதால் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் இறங்கும் நேரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். பிரேக் பிடித்தபடி இறங்கினால் வண்டியின் எடை முன்னால் சாய்ந்து அடி இன்னும் பலமாகும்.

பயணத்துக்கு முன் இதைச் செய்துவிடுங்கள். அதே கம்பெனி, அதே மாடல், அதே அளவில் ஒரே ஒரு டயர் போதும். மற்றவை ஐந்து மாதம்தான் ஓடியிருப்பதால் ஜோடியாக மாற்றத் தேவையில்லை. இந்த முறை பில்லோடு, அதில் டயரின் வரிசை எண்ணோடு. ரிம்மைச் சரிசெய்து, பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள். கையை லேசாக விட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கிறதா என்று கவனியுங்கள். இழுத்தால் சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் பகுதியையும் காட்ட வேண்டும்.

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள். நான்கு டயர் மாற்றியதாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஐந்தாவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வண்டியோடு வந்தது என்றால் அதன் நான்கு எண்களின் முடிவில் 20 இருக்க வாய்ப்பு அதிகம், ஐந்து வயது. ஒருமுறைகூடக் காற்று பார்த்திருக்க மாட்டீர்கள். மற்ற டயர்களைவிடச் சின்ன அளவில், 80-க்கு மேல் போகாதே என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், விக்கிரவாண்டியில் பஞ்சரானாலும் கும்பகோணம் வரை அந்த வேகம்தான். முகூர்த்தம் காலையில் என்றால் முதல் நாளே கிளம்பிவிடுங்கள்.